பழைய மரச்சாமான்களுக்கு மதிப்புப் போடுவது எப்படி?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி அருந்திக் கொண்டிருந்தபோது, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அன்பர் ஒருவர் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய தகப்பனார் காலமாகி ஆறு மாதம் ஆகிறது. அண்ணன் பெங்களூரில், தங்கை குவைத்தில், இவர் ஊரில். நிலத்தையும் வீட்டையும் பங்கு பிரிப்பதற்கு ஆதாரம் எழுதுகிறவரைப் பார்த்தாகிவிட்டது. "வீட்டுக்குள் ஒரு பத்தாயம், ஈட்டிக் கட்டில், இரண்டு அலமாரி, தாத்தா காலத்து மேஜை எல்லாம் இருக்கின்றன. இவற்றுக்கு யார் சார் விலை சொல்வார்கள்? வரி ஏதாவது வருமா? எழுதி வைக்க வேண்டுமா?" என்றார்.

நல்ல கேள்வி. நம்மில் பல குடும்பங்களுக்கு இன்றோ நாளையோ வரப்போகும் கேள்வி. நான் வக்கீலும் அல்ல, ஆடிட்டரும் அல்ல. இன்ஜினியரிங் டிப்ளமோ படித்து ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மரம், அளவு, சாமான் கணக்கு, கழிவு ஏலம் இவற்றோடு பழகியவன். இந்த விஷயத்தில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவனும்கூட. ஆகவே எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

என் தாயார் 2011-இல் காலமானார். அண்ணன் மும்பையில் இருந்தார். அக்கா குமுளியில் வாழ்க்கைப்பட்டவர். நான் வேலை நிமித்தம் வெளியூரில். பூட்டிய வீட்டில் கரையான் ஏறுகிறதே என்று, பழைய சாமான் வாங்கும் வியாபாரி ஒருவரை வரவழைத்தேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஆகிப்போன சரக்கு, ஏற்றுக்கூலிகூடத் தேறாது" என்றார். பத்தாயம், ஈட்டி அலமாரி, சாய்வு நாற்காலி மூன்றுக்கும் சேர்த்து ரூ. 9,000 கொடுத்து வண்டியில் ஏற்றிப் போனார். ஆளுக்கு மூவாயிரமாகப் பிரித்து அனுப்பிவிட்டு, கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

அக்கா பணத்தை வாங்கிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் ஒரு கல்யாண வீட்டில்தான் கேட்டார்: "அந்த அலமாரி அம்மா எனக்குன்னு சொன்னது தம்பி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அது நெசமாவே மூவாயிரம்தான் பெறுமா?" என்னிடம் பதில் இல்லை. ஒரு போட்டோ இல்லை, அளவு இல்லை, பட்டியல் இல்லை. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

என் தவறு குறைந்த விலைக்கு விற்றது மட்டும் அல்ல. வாங்குகிறவர் வாயிலிருந்தே விலையைக் கேட்டேன். அதுதான் முதல் தவறு. மதிப்புப் போடுபவர் வேறு, வாங்குபவர் வேறாக இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் நினைவில் வைப்பதானால், அன்பர்கள் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சாமானுக்குப் பல மதிப்புகள்

"இந்த அலமாரியின் மதிப்பு என்ன?" என்ற கேள்விக்கு விடையே இல்லை. "எதற்காக?" என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை உண்டு.

ஒன்று, சந்தை மதிப்பு. அவசரம் இல்லாத விற்பவரும், விவரம் தெரிந்த வாங்குபவரும் ஒத்துக்கொள்ளும் விலை இது. பங்கு பிரிக்கவும், வழக்குக்கும், வரிக்கும் பொதுவாக இதுவே அடிப்படை.

இரண்டு, அவசர விற்பனை மதிப்பு. வீட்டைக் காலி செய்ய நாலு நாள்தான் இருக்கிறது என்றால் கிடைக்கும் தொகை. எனக்குக் கிடைத்தது இதுதான்.

மூன்று, மாற்று மதிப்பு. அதே மரத்தில், அதே வேலைப்பாட்டில் இன்று புதிதாகச் செய்ய ஆகும் செலவு. இது இன்ஷூரன்ஸுக்குப் பயன்படும்.

நான்கு, கணக்குப் புத்தக மதிப்பு. வருமான வரி விதிகளில், தொழிலுக்குப் பயன்படும் மரச்சாமான்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ரூ. 10,000-க்கு வாங்கிய மேஜை பத்து வருஷத்தில் சுமார் ரூ. 3,487 ஆகும், முப்பது வருஷத்தில் ரூ. 424 ஆகிவிடும். மேஜை என்னவோ அப்படியே உறுதியாக நிற்கும். புத்தகத்தில் மட்டும் அது செத்துப்போயிருக்கும்.

இந்தப் புத்தக மதிப்பை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. சண்டிகர் நகரம் கட்டப்பட்டபோது, அதன் அரசு அலுவலகங்களுக்காக லெ கொர்பூசியேயின் உறவினரான பியர் ஜான்னரே தேக்கிலும் பிரம்பிலும் நாற்காலி, மேஜைகளை வடிவமைத்தார். காலப்போக்கில் அவை பழசு என்று மொட்டை மாடிகளில் குவிந்தன; கழிவுச் சாமானாக ஏலம் போயின. அவற்றை வாங்கிய வெளிநாட்டு வியாபாரிகள் பழுது பார்த்து விற்க, ஐரோப்பிய, அமெரிக்க ஏலங்களில் அவை லட்சக்கணக்கான ரூபாய்க்குப் போயின. 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் தலையிட்டு, அவற்றை விற்பதற்கும் வெளியே அனுப்புவதற்கும் தடை சொல்ல வேண்டியதாயிற்று. இதில் நான் ரசித்த விஷயம் ஒன்று. அலுவலகங்களில் பெயின்ட்டால் எழுதிவைத்த இலாகா எண்கள்தான், இது அசல் சண்டிகர் நாற்காலி என்பதற்கு வெளிநாட்டில் அத்தாட்சி ஆயின. ரயில்வேயில் நாங்களும் இப்படித்தான் ஒவ்வொரு நாற்காலியிலும் எண் எழுதுவோம். எழுதி வைத்த எண்ணுக்கும் விலை உண்டு என்று அப்போது யாருக்குத் தெரியும்!

வரி விஷயம்

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். இறந்தவர் சொத்தின் மீது விதித்த எஸ்டேட் வரி இந்தியாவில் 1985-இல் ஒழிந்தது. நன்கொடை வரி 1998-இல் போயிற்று. செல்வ வரி 2015 பட்ஜெட்டில் ரத்தாகி, 2016 ஏப்ரல் முதல் இல்லை. தாய் தகப்பனிடமிருந்து கட்டிலோ அலமாரியோ வாரிசாக வந்தால் அதற்கு வரி கிடையாது.

விற்றால்? நாமோ நம்மைச் சார்ந்த குடும்பத்தாரோ சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த மரச்சாமான், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்தில் சேராது. ஆகவே விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. 2025-இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டமும் இதே வழியில்தான் செல்கிறது. ஆனால் ஓவியம், சிற்பம், கலைப்பொருள், நகை ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை. பூஜை அறைத் தஞ்சாவூர்ப் படத்தை வீட்டு மரச்சாமானோடு சேர்த்து ஒரே விலைக்கு விற்றுவிடாதீர்கள். தனியாக மதிப்புப் போட்டு, தனியாக ரசீது எழுதுங்கள். 2001 ஏப்ரல் 1-க்கு முன்பே குடும்பத்தில் இருந்த பொருள் என்றால், அந்தத் தேதியின் சந்தை மதிப்பையே அடக்க விலையாகக் காட்டலாம். அதற்குத் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை உதவும்.

வாரிசு, உயில், கோர்ட்

பத்தாயமும் சொத்துதான். உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுச் சட்டப்படி அவருடைய சொந்தச் சொத்தில் மகன், மகள், மனைவி, தாய் எல்லோருக்கும் சம பங்கு. வீட்டுச் சாமானுக்கும் இதே விதி. இடுக்கிப் பக்கம் பழைய திருவிதாங்கூர் பகுதி. அங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு, 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பின், பெண் மக்களுக்கும் சம பங்கு உண்டு. "அவள் கட்டிக்கொடுத்த பெண், அவளுக்கு எதற்கு அலமாரி" என்ற பேச்சுக்குச் சட்டத்தில் இடம் இல்லை.

பலர் தாசில்தார் அலுவலகத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைந்து, வாரிசுரிமைச் சான்றிதழில் கட்டிலையும் சேர்க்கப் பார்க்கிறார்கள். கோர்ட் தரும் அந்தச் சான்றிதழ் பாங்குப் பணம், கடன், பங்குப் பத்திரம் முதலியவற்றுக்கு மட்டுமே. மரச்சாமானுக்கு அது தேவையும் இல்லை, பொருந்தவும் பொருந்தாது. அசையும் பொருளைப் பிரித்துக்கொள்ள ரிஜிஸ்டர் செய்யும் கட்டாயமும் இல்லை. எல்லோரும் கையெழுத்திட்ட ஒரு பட்டியல் போதும். யாருக்கு எது, என்ன மதிப்பில், கூடுதல் மதிப்புள்ளதை எடுத்தவர் மற்றவருக்கு எவ்வளவு ஈடு கொடுத்தார் என்று அதில் இருக்க வேண்டும்.

உயிலை நிறைவேற்றுபவர் கோர்ட்டில் புரொபேட் வாங்கினால் கதை வேறு. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவுப்படி, ஆறு மாதத்துக்குள் எல்லாச் சொத்துகளின் பட்டியலையும் மதிப்போடு தாக்கல் செய்ய வேண்டும். ஒரு வருஷத்துக்குள் கணக்கு காட்ட வேண்டும். "வீட்டுச் சாமான்கள், உத்தேசம்" என்று ஒரு வரி எழுதினால், சண்டை போட நினைக்கும் பங்காளிக்கு அதுவே கதவைத் திறந்துவிடும்.

வழக்கு என்று வந்துவிட்டால், வழக்கின் மதிப்பைச் சொல்லித்தான் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். அப்போது மதிப்பீட்டாளரின் அறிக்கை நிபுணர் கருத்தாக எடுத்துக்கொள்ளப்படும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. ஆனால் அறிக்கை எழுதியவர் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல நேரும். துண்டுக் காகிதத்தில் தொகை எழுதிக் கொடுப்பவர் அதற்கு வருவாரா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸ்

2018 ஆகஸ்ட் வெள்ளத்தை நாம் யாரும் மறக்க முடியாது. இடுக்கியில் வீடுகளே போயின. பாலக்காட்டிலும் கல்பாத்திப் புழை கரை மீறியது. தண்ணீர் வடிந்த பின், வீட்டுக்குள் என்னென்ன இருந்தன என்று சொல்லத் தெரியாமல் தவித்தவர்கள் பலர். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் தரும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில், கட்டடத்தோடு சேர்த்து எடுத்தால், வீட்டுப் பொருள்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் ரூ. 10 லட்சம், தானாகவே காப்பு உண்டு. கலைப்பொருள் போன்ற விலை உயர்ந்தவற்றை முன்கூட்டியே ஒத்துக்கொண்ட மதிப்பில் தனியாகச் சேர்க்கலாம். தொகை பெரிதானால் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கு மாற்று மதிப்பா, சந்தை மதிப்பா என்று கம்பெனியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

யாரிடம் போவது?

2017-ஆம் ஆண்டு விதிகளின்படி ஐ.பி.பி.ஐ. வாரியத்தில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்களில் மூன்று வகை உண்டு: நிலம்-கட்டடம், இயந்திரம்-தளவாடம், பங்கு முதலிய நிதிச் சொத்து. மரச்சாமானுக்கென்று தனி வகை இல்லை. ஆகவே சாதாரண வீட்டுச் சாமானுக்குத் தளவாட வகை மதிப்பீட்டாளரும், அவரோடு அனுபவமுள்ள ஓர் ஆசாரியும் சேர்ந்தால் போதும். வேலைப்பாடு மிக்க பழம்பொருள் என்றால் பழங்கலைப் பொருள்களில் பழக்கமுள்ளவர் வேண்டும். மட்டாஞ்சேரி யூதத் தெருவிலும் காரைக்குடியிலும் உள்ள பழம்பொருள் கடைகளில் ஒருமுறை சுற்றி வந்தால், இதே மாதிரிச் சாமான் என்ன விலை சொல்கிறார்கள் என்பது நமக்கே பிடிபடும். ஆனால் கடைக்காரர் விற்கும் விலை வேறு, நம்மிடம் வாங்கும் விலை வேறு என்பதை மறக்க வேண்டாம்.

கூலி விஷயத்தில் கண்டிப்பு தேவை. மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கேட்பவர் வேண்டாம். மதிப்பு ஏறினால் அவர் கூலியும் ஏறும் அல்லவா? ஒரு நாளைக்கு அல்லது ஒரு வேலைக்கு இவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து ஒருவரை வைத்துக் கூலியைப் பகிர்ந்துகொள்வது மிக நல்லது.

அறிக்கையில் இவை இருக்க வேண்டும்: எந்த நோக்கத்துக்காக, எந்தத் தேதியின் மதிப்பு, எந்த வகை மதிப்பு, ஒவ்வொரு சாமானின் நீள அகல உயரம், மரம், உத்தேச வயது, பழுது, போட்டோ, எதை ஒப்பிட்டு விலை போட்டார் என்ற விளக்கம், இந்தச் சாமானில் தனக்கு எந்த ஆதாயமும் இல்லை என்ற உறுதிமொழி, பெயர், தகுதி, கையெழுத்து. பங்கு பிரிப்பதற்கு எழுதிய அறிக்கையை இன்ஷூரன்ஸுக்குக் காட்டினால் செல்லாது. நோக்கம் மாறினால் மதிப்பும் மாறும்.

அவர் வருமுன் நாம் செய்ய வேண்டியது

முதலாவது, பாலிஷ் போடாதீர்கள்! நல்லது செய்கிறோம் என்று பழைய மேற்பூச்சைச் சுரண்டிப் பளபளப்பாக்கினால், வயதுக்கான அத்தாட்சி போய்விடும், விலையும் இறங்கும். தூசி மட்டும் துடையுங்கள்.

இரண்டாவது, டார்ச் விளக்கோடு பின்புறமும் அடிப்புறமும் பாருங்கள். கையால் அறுத்த பலகையில் ரம்பத் தடம் கோணலும் மாணலுமாக இருக்கும். வட்ட ரம்பத்தில் அறுத்தால் தடம் வில்போல் வளைந்து, சீராக இருக்கும். இழுப்பறையின் மூலையில் புறாவின் வால்போல் விரிந்த இணைப்புகள் ஒன்றுக்கொன்று சிறிது வித்தியாசப்பட்டால் அது கைவேலை. பின்பலகை பிளைவுட் என்றால் பிற்காலத்தில் மாற்றியது. பழைய கடை முத்திரை, எழுத்து, எண் எது இருந்தாலும் அழிக்காமல் போட்டோ எடுங்கள்.

மூன்றாவது, அளந்து கணக்குப் போடுங்கள். உதாரணத்துக்கு 6 அடி உயரம், மூன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள அலமாரி. பக்கங்கள் 18 சதுர அடி, மேல், கீழ், மூன்று தட்டு சேர்த்து 26¼, பின்பலகை 21, கதவுகள் 21. மொத்தம் 86¼ சதுர அடி. எல்லாம் ஓர் அங்குலப் பலகை என்றால் சுமார் 7.2 கன அடி மரம். கன அடி ரூ. 5,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் மரம் மட்டும் ரூ. 36,000. பழைய மரம் என்று பாதியாகக் குறைத்தாலும் ரூ. 18,000. இதற்குக் கீழே ஒருவர் கேட்டால், ஏன் என்று கேட்க நமக்கு வாய் இருக்கும். தேக்கு ஒரு கன அடி சுமார் 18 கிலோ. ஈட்டி சுமார் 24 கிலோ. ஓர் இழுப்பறையைத் தூக்கிப் பார்த்தாலே கை சொல்லிவிடும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்தால்

"பாட்டி கட்டிலை அமெரிக்காவுக்கு அனுப்புங்கள்" என்று பிள்ளைகள் கேட்டால் உடனே பாக்கிங் செய்ய வேண்டாம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கைவினைப் பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது. பழம்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் பெறலாம். ஈட்டி மரமோ 2017 முதல் சர்வதேச வன உயிர் வாணிப ஒப்பந்தப் பட்டியலில் உள்ளது. அதற்கான காகிதங்களும் வேண்டும். அந்த நாட்டிலேயே உள்ள சாமானை ஸ்தாபனங்களுக்குத் தானம் செய்து அமெரிக்க வரிச் சலுகை கேட்டால், 5,000 டாலருக்கு மேல் தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை அவசியம். இங்கே எழுதிய துண்டுச் சீட்டு அங்கே செல்லாது.

எல்லோருக்கும் தேவையா?

இல்லை. லயத்து வீட்டில் இரண்டு கட்டில், ஒரு பீரோ, பிளாஸ்டிக் நாற்காலி வைத்திருப்பவர் மதிப்பீட்டாளருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பட்டியலும், செல்போனில் போட்டோவும் போதும். அதன் நகல் ஒன்று வேறு ஊரில் உள்ள பிள்ளையிடம் இருக்கட்டும். பழைய ஈட்டி, தேக்குச் சாமான், சொத்தில் மனஸ்தாபம், உயில், கோர்ட், பெரிய இன்ஷூரன்ஸ் இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் மட்டும் நிபுணரைக் கூப்பிடுங்கள்.

சென்ற தை மாதம் நான் குமுளிக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். என் வீட்டுச் சாமான்களுக்கு எழுதிய பட்டியலை எடுத்துப் போயிருந்தேன். சாமான், அளவு, மரம், மதிப்பு, கடைசியாக "யாருக்கு" என்று ஐந்து கட்டம். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். "இப்பவாவது எழுதினியே தம்பி" என்றார். மாசியில் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் போனார். அம்மாவின் அலமாரி மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. அன்பர்கள் வீட்டுப் பட்டியலிலாவது அது விட்டுப்போகாமல் இருக்கட்டும்.